மூச்சுக் கருவியா, ஊசியா, அறுவை சிகிச்சையா: உறக்க மூச்சுத்தடையும் உடற்பருமனும் சேர்ந்திருப்பவர்களுக்கான ஓர் ஒப்பீடு

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் பரிசோதனையில் உறுதியானதும், உடற்பருமனும் சர்க்கரையும் கூடவே உள்ள ஒருவர் முன்னால் இன்று நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: இரவில் முகமூடி அணிந்து, மூச்சுப்பாதைக்குள் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியுடன் உறங்குவது, உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் எடையைக் குறைப்பது, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசி, இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக எண்ணி, "அறுவை சிகிச்சை செய்துகொண்டால் இந்தக் கருவியை விட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் பலர். கேள்வி இயல்பானதுதான், ஆனால் அதில் இரண்டு வெவ்வேறு நோக்கங்கள் கலந்துவிடுகின்றன. இரவில் தொண்டை அடைபடாமல் இருப்பது ஒன்று. சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை அடங்கிய வளர்சிதை மாற்றம் சீர்ப்படுவது மற்றொன்று. முதலாவதைச் சிறப்பாகச் செய்யும் சிகிச்சை இரண்டாவதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. இரண்டாவதை வலுவாகச் செய்யும் சிகிச்சையோ முதலாவதைப் பலருக்கு முழுமையாக முடித்துவைப்பதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

உறக்கப் பரிசோதனை அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு முழுமையாக நின்ற தடவைகளையும் பெருமளவு குறைந்த தடவைகளையும் கூட்டிச் சொல்வது அது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நொடி நீடித்திருந்தால்தான் கணக்கில் வரும். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15-க்குள் இலேசான நிலை, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை. ஒவ்வொரு அடைப்பின்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூளை அரைகுறையாக விழித்து, மூச்சு மீண்டும் திறக்கும்போது ஏறுகிறது. இரவு முழுவதும் இப்படி ஏறி இறங்குவதால், ஆபத்து நேரத்தில் தீவிரமாக வேலை செய்ய வேண்டிய பரிவு நரம்பு மண்டலம் ஓய்வின்றி இயங்குகிறது. அட்ரினலின் வகை ஹார்மோன்களின் தூண்டுதலால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியேறுகின்றன, கல்லீரல் குளுக்கோஸை அதிகமாக உற்பத்தி செய்கிறது, தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படிய மறுக்கின்றன. மறுபக்கம், வயிற்றுக் கொழுப்பு நுரையீரலின் கொள்ளளவைக் குறைப்பதாலும், நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் படியும் கொழுப்பு மூச்சுப்பாதையை ஒடுக்குவதாலும், பருமன் இந்த நோயை வளர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதால், ஒரு முனையில் கை வைத்தால் மறுமுனை தானாகச் சரியாகிவிடும் என்று மருத்துவர்களே நீண்ட காலம் எதிர்பார்த்தார்கள்.

அந்த எதிர்பார்ப்பு சிபாப் கருவியைப் பொறுத்தவரை பெரும்பாலும் நிறைவேறவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவனும் அவரது குழுவினரும் 1981-இல் விவரித்த இந்தக் கருவி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. பொருத்திய முதல் இரவிலேயே அடைப்புகள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. பகல் தூக்கம் குறைகிறது. வண்டி ஓட்டும்போது கண் சொருகும் ஆபத்து நீங்குகிறது. வேறு எந்தச் சிகிச்சையாலும் இவ்வளவு விரைவாக இதைச் செய்ய முடியாது. ஆனால் பருமனும் நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ளவர்களைச் சிபாப் மட்டும், எடைக்குறைப்பு மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவுகளாகப் பிரித்து 24 வாரம் கவனித்து, 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இன்சுலின் எதிர்ப்பும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் எடை குறைத்த பிரிவுகளில் குறைந்தன. சிபாப் மட்டும் பயன்படுத்திய பிரிவில் குறையவில்லை. இரத்த அழுத்தத்தில் மட்டும், இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. சிபாப் பயன்படுத்துவோரின் எடை சிறிதளவு கூடுகிறது என்றுகூடப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கருவியின் தரப்பில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் அதை அணிந்த நேரம் மிகக் குறைவு. 2016-இல் வெளியான சேவ் ஆய்வில் 2,700-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தனர்; அவர்களில் சிபாப் பெற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதை அணிந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் உள்ளவர்களைக் கண்காணிப்பில் வைத்து, இரவுக்கு 8 மணி நேரம் கருவியுடன் உறங்கச் செய்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் இரண்டே வாரத்தில் குளுக்கோஸ் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆகவே முழு இரவும் அணிந்தால் ஓரளவு பலன் உண்டு. வீட்டில் நடைமுறையில் அந்த அளவுக்கு அணிபவர்கள் குறைவு. சர்க்கரை மாத்திரைகளைக் குறைக்கும் நோக்கத்தோடு மட்டும் சிபாப் வாங்குவது ஏமாற்றத்தில்தான் முடியும். வாங்க வேண்டிய காரணம் மூச்சு. அதுவே போதுமான காரணம்.

உணவும் உடற்பயிற்சியும் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பொதுமக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியான ஆய்வின்படி, உடல் எடை 10 விழுக்காடு குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 விழுக்காடு குறையும். 10 விழுக்காடு கூடினால் சுமார் 32 விழுக்காடு கூடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் தீவிரமான பயிற்சித் திட்டத்தைச் செயல்படுத்திய ஸ்லீப் அஹெட் ஆய்வில் ஓராண்டில் சராசரியாக 10.8 கிலோ குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவைவிட ஏ.எச்.ஐ. மணிக்கு 10 அளவில் குறைந்தது. இலேசான நிலையில் இருப்பவருக்கு இது நோயையே போக்கக்கூடிய அளவு. மணிக்கு 50 தடவை மூச்சடைப்பவருக்கு இது போதாது. அப்படிப்பட்ட ஒருவரிடம் "முதலில் நடைப்பயிற்சி செய்யுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி ஓராண்டைக் கடத்துவதைச் சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை.

அறுவை சிகிச்சையில் நடப்பது வேறு வகையான மாற்றம். பரவலாகச் செய்யப்படும் இரண்டு முறைகளில், ஸ்லீவ் என்பது இரைப்பையின் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வெட்டியெடுத்து, மீதியை ஒரு குழாய் போல ஆக்குவது. பைபாஸ் என்பது சுமார் 30 மில்லி கொள்ளும் சிறிய பையை இரைப்பையின் மேற்பகுதியில் உருவாக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பது. உணவு குறைவாகப் போவதால் மட்டுமே உடல் இளைக்கிறது என்று முன்பு எண்ணப்பட்டது. இன்று தெரிவது என்னவென்றால், உணவு விரைவாகக் கீழ்க்குடலை அடைவதால் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். போன்ற குடல் ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கின்றன. ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியே பெரும்பாலும் அகற்றப்படுகிறது. பித்த அமிலங்களின் ஓட்டமும் குடல் நுண்ணுயிர்களும் மாறுகின்றன. அதனால்தான் பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகள் பலருக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு குறையும் முன்பே, முதல் வாரங்களிலேயே சர்க்கரை இறங்குகிறது. இன்சுலின் அளவை மருத்துவர் உடனே குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை ஆபத்து வரும் அளவுக்கு இறங்குகிறது.

இந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதற்கு க்ளீவ்லாந்து க்ளினிக்கின் ஸ்டாம்பீட் ஆய்வு நல்ல சான்று. 150 நீரிழிவு நோயாளிகளை மூன்று பிரிவுகளாக்கி, ஐந்தாம் ஆண்டில், சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு 6.0 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களைக் கணக்கிட்டபோது, பைபாஸில் 29 விழுக்காட்டினரும், ஸ்லீவில் 23 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினரும் இருந்தனர். இந்த எண்களை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மருந்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரும்பாலோர் ஐந்து ஆண்டுக்குப் பிறகு அந்த இலக்கில் இல்லை. "சர்க்கரை நோய் நிரந்தரமாகக் குணமாகும்" என்று விளம்பரம் செய்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், இன்சுலின் தொடங்காதவர்கள் ஆகியோருக்கே நீண்ட காலப் பலன் அதிகம்.

அதே அறுவை சிகிச்சை மூச்சுத்தடைக்கு என்ன செய்கிறது? 2004-இல் வெளிவந்து பரவலாக மேற்கோள் காட்டப்படும் தொகுப்பாய்வு ஒன்று, 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத்தடை நீங்கியது அல்லது மேம்பட்டது என்றது. 2009-இல் உறக்கப் பரிசோதனை முடிவுகளை மட்டும் தொகுத்துப் பார்த்தபோது படம் சற்று மாறியது: சராசரி ஏ.எச்.ஐ. சுமார் 55-லிருந்து சுமார் 16-க்கு இறங்கியிருந்தது. இது மிகப் பெரிய இறக்கம். ஆனாலும் 16 என்பது நடுத்தர நிலை; சிகிச்சை தேவைப்படும் நிலை. குறட்டை நின்றுவிட்டதாலும் உடல் இலேசானதாலும் நோய் போய்விட்டது என்று எண்ணி, மறுபரிசோதனை இல்லாமல் கருவியை மூலையில் வைத்துவிடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2012-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி வளையம் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இரண்டு ஆண்டில் சராசரியாக 27.8 கிலோ குறைந்தனர். வழக்கமான முறையில் முயன்றவர்கள் 5.1 கிலோ குறைந்தனர். ஏ.எச்.ஐ. முறையே 25.5-உம் 14.0-உம் குறைந்தது, 60 பேர் மட்டுமே இருந்த அந்த ஆய்வில் இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. முதலில் குறையும் கிலோக்கள் மூச்சுக்குத் தரும் பலன் அதிகம், பின்னர் குறையும் கிலோக்கள் தரும் பலன் குறைவு என்று இதைப் படிக்கலாம். எடையோடு நேர்விகிதத்தில் மூச்சு சரியாவதில்லை. நாக்கின் கொழுப்பு எவ்வளவு கரைந்தது, தாடையின் அமைப்பு எப்படி என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

தாடை என்றதும் நம் மக்களுக்குரிய ஒரு செய்தி வருகிறது. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே ஆசியர்களுக்கு நீரிழிவும் மூச்சுத்தடையும் வருகின்றன. வயிற்றுக் கொழுப்பு ஒரு காரணம். சிறிய அல்லது பின்வாங்கிய கீழ்த்தாடை மூச்சுக்கான இன்னொரு காரணம். எலும்பின் அமைப்பே முதன்மைக் காரணமாக உள்ளவருக்கு எவ்வளவு எடை குறைந்தாலும் மிச்ச அடைப்பு இருக்கவே செய்யும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன் தாடை, டான்சில், மூக்குத் தண்டு ஆகியவற்றை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்லீவா, பைபாஸா என்ற உள்கேள்விக்கு, பின்லாந்தின் 240 நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வு பெரிதும் உதவுகிறது. கூடுதல் எடையில் ஸ்லீவ் பிரிவினர் ஏறக்குறைய 43.5 விழுக்காட்டையும், பைபாஸ் பிரிவினர் ஏறக்குறைய 52 விழுக்காட்டையும் இழந்திருந்தனர். இரத்த அழுத்தம் சீரானவர்கள் பைபாஸில் தெளிவாக அதிகம். மூச்சுத்தடை நீங்கியவர்கள் ஸ்லீவில் 16 விழுக்காடு, பைபாஸில் 31 விழுக்காடு. பங்கேற்றவர்கள் குறைவு என்பதால் இந்த இடைவெளியைத் தற்செயல் அல்ல என்று அறுதியிட முடியாது. ஆனால் பத்து ஆண்டு கழித்து இரண்டு முறைகளிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்பதே முடிவெடுப்பவர் மனத்தில் கொள்ள வேண்டியது. ஸ்லீவ் பிரிவில் உணவுக்குழாய் அழற்சி 31 விழுக்காட்டினருக்கும், பைபாஸில் 7 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. மூச்சுத்தடை உள்ளவர்கள் பலருக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் ஏற்கெனவே உண்டு. அத்தகையவருக்கு, அறுவை எளிது, நேரம் குறைவு என்ற காரணங்களுக்காக ஸ்லீவைப் பரிந்துரைத்தால், முதலில் எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டாமா என்று நோயாளியே கேட்க வேண்டும். மூட்டுவலிக்காக அடிக்கடி வலிநிவாரணி மாத்திரை உட்கொள்பவருக்கும், இரும்புச்சத்துக் குறைபாடு கடுமையாக உள்ளவருக்கும் நிலைமை தலைகீழ்: பைபாஸில் பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வருவதும் சத்துக் குறைபாடும் அதிகம் என்பதால் ஸ்லீவ் பொருத்தமாகலாம்.

இந்த ஒப்பீட்டில் ஊசி புதியது. டிர்ஸெபடைட் மருந்தை வைத்து நடந்து 2024-இல் வெளியான சர்மவுன்ட்-ஓ.எஸ்.ஏ. ஆய்வுகளில், சராசரியாக மணிக்கு 50 அளவில் அடைப்பு இருந்தவர்களுக்கு 52 வாரத்தில் ஏ.எச்.ஐ. 25 முதல் 29 வரை குறைந்தது. எடை 18 முதல் 20 விழுக்காடு இறங்கியது. இரத்த அழுத்தமும் சி.ஆர்.பி.-யும் குறைந்தன. அதே ஆண்டு டிசம்பரில், பருமனுடன் கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் அளித்தது. 2025 மார்ச்சில் அந்த மருந்து இந்தியச் சந்தைக்கும் வந்தது. கத்தியின்றி இவ்வளவு பலன் கிடைப்பது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. இரண்டு குறிப்புகளை மட்டும் சேர்க்க வேண்டும். முதலாவது, அந்த ஆய்வுகளில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இம்மருந்தால் எடை சற்றுக் குறைவாகவே இறங்குகிறது என்று வேறு ஆய்வுகளிலிருந்து தெரியும். இரண்டாவது, நிறுத்தினால் எடை திரும்புகிறது: மருந்தால் சுமார் 21 விழுக்காடு எடை குறைந்த பிறகு அதை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் 14 விழுக்காடு கூடியதாக இன்னோர் ஆய்வு காட்டியது. ஆகவே ஊசியின் விலையை ஒரு மாதக் கணக்கில் பார்க்காமல் பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, அதை அறுவை சிகிச்சையின் செலவோடு ஒப்பிட வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசும்போது காப்பீட்டையும் சொல்ல வேண்டும். 2022-இல் அமெரிக்க, பன்னாட்டு பேரியாட்ரிக் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பி.எம்.ஐ. என்ற எண் 27.5-லிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதியோ, பி.எம்.ஐ. 40-உம் அதற்கு மேலும் இருக்க வேண்டும், அல்லது 35-உம் அதற்கு மேலும் இருந்து, கடுமையான மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய் போன்றவற்றில் ஒன்று இருந்து, மற்ற முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும் என்கிறது. நம் உடல்வாகுக்கு ஐரோப்பிய அளவுகோல் பொருந்தாது என்று மருத்துவம் ஒப்புக்கொண்ட பிறகும், பி.எம்.ஐ. 32 உள்ள தமிழருக்குக் காப்பீடு மறுக்கப்படுவது நியாயமில்லை. விதி மாறும் வரை, 35-ஐத் தாண்டியவர்கள் தங்கள் உறக்கப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். "கடுமையான" என்ற சொல் அதில் இருப்பது காப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்மானிக்கலாம்.

ஆபத்துகளையும் எடைபோட வேண்டும். அமெரிக்காவில் 4,700-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த லேப்ஸ் ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, பெரிய சிக்கல்கள் வரும் வாய்ப்பை அதிகரிக்கும் காரணங்களில் ஒன்றாக மூச்சுத்தடை அங்கே அடையாளம் காணப்பட்டது. மயக்க மருந்தும், பிறகு தரப்படும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளைத் தளர்த்துவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே அறுவை சிகிச்சையின் மூலம் கருவியிலிருந்து விடுபட விரும்புபவர்தான் அதற்கு முந்தைய வாரங்களிலும் மருத்துவமனைப் படுக்கையிலும் கருவியை மிகவும் ஒழுங்காக அணிய வேண்டியவர். பின்னாளில் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். சைவ உணவினரிடம் பி12 குறைபாடு முன்பே இருப்பது வழக்கம் என்பதால் அறுவைக்கு முன்னரே அதைச் சரிசெய்ய வேண்டும். முதல் மாதங்களில் வாந்தி நிற்காமல் இருந்தால் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம்; அதைச் சாதாரண அஜீரணமாக எண்ணி வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். பி.எம்.ஐ. 35-க்கு மேல், கடுமையான மூச்சுத்தடை, சில ஆண்டுகளாக நீரிழிவு ஆகிய மூன்றும் உள்ளவருக்குக் கருவி இன்றே தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சை அதன் துணையோடு சில மாதத்துக்குள் திட்டமிடப்பட வேண்டும். நெஞ்செரிச்சல் இருந்தால் பைபாஸ். க்ளீவ்லாந்து க்ளினிக்கின் பதிவுகளில் பருமனும் மூச்சுத்தடையும் உள்ள 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பெரிய இதய நிகழ்வுகள் 42 விழுக்காடும், இறப்பு 37 விழுக்காடும் குறைவாக இருந்தன. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் இதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் சிபாப் கருவி தனியாகக் குலுக்கல் முறை ஆய்வுகளில் தெளிவாகக் காட்டாத ஒரு பலனை இது சுட்டுகிறது. நீரிழிவு இல்லாமல், பி.எம்.ஐ. 30-க்கும் 35-க்கும் இடையில், நடுத்தர மூச்சுத்தடை உள்ளவருக்கு, விலையைத் தாங்க முடிந்தால் ஊசியை ஓராண்டு முயல்வதே முதலில் பொருத்தமானது. பி.எம்.ஐ. 27-ஐ ஒட்டி, சிறிய தாடையும் நடுத்தர மூச்சுத்தடையும் உள்ளவருக்கு அறுவை சிகிச்சை மூச்சுக்காகத் தேவையில்லை. கருவியோ, தாடையை முன்னுக்குத் தள்ளும் பல் சாதனமோ போதும்.

யாராக இருந்தாலும், எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அதுவரை கருவியின் அழுத்தத்தை இடையிடையே குறைத்துக்கொள்ளலாம், அல்லது அழுத்தத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் கருவியைப் பயன்படுத்தலாம். ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே வந்துவிட்டது என்று அறிக்கை சொன்னால், கருவியை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். பிற்பாடு சில கிலோ கூடி, குறட்டை மீண்டும் கேட்கத் தொடங்கியதாக வீட்டில் இருப்பவர்கள் சொன்னால், அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டும்.